ஒட்டினால் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டாமா? – மீளும் சகப்பிணைப்பு பற்றி ஒரு கேள்வி

குடுவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்குக் கொடுத்திருக்கும் வேலை இதுதான்: ஒரு புரதத்தின் மேல் சாயத்தை மீளும் சகப்பிணைப்பால் (அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்து சேரும், ஆனால் திரும்பப் பிரியவும் கூடிய பிணைப்பு) ஒட்ட வேண்டும், அமிலச் சூழல் வந்தால் சாயம் கழன்றுகொள்ள வேண்டும். பிறகு சாயத்தின் இடத்தில் மருந்தை வைப்பதாகத் திட்டம்.

புரதத்தில் ஆல்டிஹைடு ஏற்றியாயிற்று. சாயத்தில் அமீன் இருக்கிறது. ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்தால் இமீன் என்ற பிணைப்பு, கல்லூரியில் முதல் வருடமே படித்ததுதான். இரண்டையும் கலந்து 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் குழாய் அழகான ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. மிச்சச் சாயத்தை நீக்க பி.டி-10 பத்தியில் (ஜெல் மணிகள் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய்) 2.5 மில்லி ஊற்றி, 3.5 மில்லி பஃபரால் (பி.எச் மாறாமல் வைக்கும் கரைசல்) இறக்கினேன். பெரிய புரதம் முதலில் வரும், சின்ன மூலக்கூறு பின்தங்கும் என்பது கணக்கு.

புரதம் வந்தது. வெறும் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் வந்தது. 280 நானோமீட்டரில் பார்த்தால் புரதம் இருக்கிறது, சாயத்தின் அலைநீளத்தில் ஒன்றுமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆரஞ்சுப் பட்டை முழுதாகப் பத்தியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை செய்துவிட்டேன், மூன்று முறையும் இதே கதை.

பிணைப்பு உண்டாகிப் பிரிந்ததா, உண்டாகவே இல்லையா? அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஒரு பிளாஸ்டிக் பத்தியைத் தாண்டாத பிணைப்பை வைத்து, ரத்தத்தில் மருந்து அனுப்புவதாக இத்தனை கட்டுரைகள் வருகின்றனவே, அது எப்படி?

வாத்தியார்65 எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. பாடப்புத்தகத்தை எழுதினவர்கள் ஒரு விஷயத்தைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள். ஆல்டிஹைடும் அமீனும் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போக வேண்டும். நாங்கள் கல்லூரியில் இதைச் செய்யும்போது டொலுவீனில் கொதிக்கவைத்து, வரும் தண்ணீரைப் பக்கக்குழாயில் பிடித்துப் பிடித்து எடுப்போம். நீங்களோ தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு "தண்ணீரே வெளியே போ" என்கிறீர்கள். நீரில் நீரின் செறிவு 55.5 மோலார். உங்கள் சாயம் எவ்வளவு, ஒரு மில்லிமோலார் இருக்குமா? ஒரு பக்கம் கூட்டம் அதிகமானால் சமநிலை எதிர்ப்பக்கம் சாயும் என்ற லீ சாட்லியர் யார் பக்கம் நிற்பார் என்று நீங்களே சொல்லுங்கள்.

1864-இல் ஹ்யூகோ ஷிஃப் இந்தச் சேர்மங்களை முதலில் எழுதினார், அதனால்தான் ஷிஃப் காரம் என்று பெயர். இதற்கு நேரெதிரான ஒரு கதையும் உண்டு. என் பாக்கெட்டில் இருக்கும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை) ரிப்போர்ட்டும் ஷிஃப் காரத்தில் தொடங்கியதுதான். ரத்தத்தின் குளுக்கோஸ், ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியின் நுனியில் இருக்கும் வேலைனின் அமீனோடு முதலில் இமீனாகச் சேர்கிறது. அது வரும், போகும். காலையில் இட்லி சாப்பிட்டால் ஏறும், மதியத்துக்குள் இறங்கும். ஆனால் அப்படி வந்துபோகிறவற்றில் சில, அமடோரி மாற்றம் என்ற உள்மாற்றம் அடைந்து கீட்டோஅமீனாக உறைந்துவிடுகின்றன. பிறகு அந்தச் சிவப்பணு சாகும்வரை, சுமார் 120 நாள், கழலாது. சோதனைச்சாலை அளப்பது இதைத்தான். வந்துபோகும் பங்கு கலந்துவிட்டால் அளவு தப்பும் என்பதால் அதை முதலில் கழுவி நீக்கிவிடுவார்கள். மூன்று மாதத்துக் கணக்கை டாக்டர் ஒரே எண்ணில் படிப்பது இப்படித்தான். நான் பரிசோதனைக்கு முந்தின ஒரு வாரம் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். வேதியியல் வாத்தியாரே அப்படிச் செய்ததை வெளியே சொல்லாதீர்கள்.

பழைய பிளாண்ட் ஆள் எழுதியது:

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் குடுவை, அதற்கு முன்னால் ஒரு கேள்வி. எந்த பஃபர்?

குடுவை எழுதியது:

டிரிஸ் சார். 50 மில்லிமோலார், பி.எச் 8. லேபில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம், பெரிய பாட்டிலில் எப்போதும் தயாராக இருக்கும்.

எதிர்க்கட்சி எழுதியது:

😂😂 முடிந்தது. இழையை மூடிவிடலாம்.

பழைய பிளாண்ட் ஆள் எழுதியது:

சிரிக்காதீர்கள், நாம் எல்லோரும் இதைச் செய்தவர்கள்தான். நான் ஒரு கிலோ அளவில் செய்திருக்கிறேன். அது எங்கே என்று கேட்காதீர்கள்.

குடுவை, டிரிஸ் ஒரு முதனிலை அமீன். உங்கள் சாயத்தைப் போல ஐம்பது மடங்கு அமீன் அந்தக் குழாயில் மிதக்கிறது. உங்கள் ஆல்டிஹைடுகளைச் சுற்றி டிரிஸ் கூட்டம், சாயம் வரிசையின் கடைசியில். முதலில் பாஸ்பேட்டுக்கோ ஹெப்பிஸுக்கோ மாறுங்கள். இன்னொன்றும் பாருங்கள்: புரதத்தை கிளிசராலில் சேமித்து வைத்திருந்தால், நாளைக்கு போரோனிக் அமிலம் பக்கம் போகும்போது அது காலை வாரும். போரோனிக் அமிலத்துக்கு அருகருகே இரண்டு ஹைட்ராக்சில் இருந்தால் போதும், யார் என்று பார்க்காது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. உண்டாகிப் பிரிந்ததா, உண்டாகவே இல்லையா? இரண்டும்தான். நீரில் சாதாரண இமீன் கொஞ்சம் உண்டாகும், உடனே பிரியும், மறுபடி உண்டாகும். மூடிய குழாயில் ஒரு சிறு பங்கு எப்போதும் ஒட்டியிருக்கும். பத்தியில் என்ன நடக்கிறது? பிரிந்த சாயம் ஒரு கணம் ஜெல் மணிக்குள் நுழைந்துவிட்டால், புரதம் அதை விட்டு முன்னால் போய்விடுகிறது. திரும்பிச் சேர ஆள் இல்லை. அடுத்தது பிரிகிறது, அதுவும் பின்தங்குகிறது. பத்தியின் அடிக்கு வருவதற்குள் புரதம் மொட்டையாகிவிடும்.

சமநிலையை எண்ணில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். இமீனைவிட உறுதியான உறவுக்காரப் பிணைப்பு ஹைட்ரசோன். ஒரு நல்ல ஹைட்ரசோனை எடுத்துக்கொள்வோம், பிரிகை மாறிலி (எவ்வளவு எளிதில் பிரியும் என்பதன் அளவு, சிறிதானால் பிடி உறுதி) 1 மைக்ரோமோலார் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 100 மைக்ரோமோலார் கலந்தால் 90 சதவீதம் ஒட்டியிருக்கும். அதையே ஆயிரம் மடங்கு நீர்த்து, இரண்டும் 0.1 மைக்ரோமோலார் ஆனால்? கணக்குப் போட்டுப் பாருங்கள், 8 சதவீதம்தான் மிஞ்சும். குழாயில் 'நன்றாக ஒட்டியது' என்பதும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் 'நன்றாக ஒட்டியது' என்பதும் ஒன்றல்ல. ரத்தத்தில் கழன்ற மருந்தை சிறுநீரகம் வேறு எடுத்துப் போய்விடும்.

எதிர்க்கட்சி எழுதியது:

» குழாயில் 'நன்றாக ஒட்டியது' என்பதும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் 'நன்றாக ஒட்டியது' என்பதும் ஒன்றல்ல

இதைத்தான் நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ரத்தத்துக்குள் போன பிறகு அதை 'மீளும்' பிணைப்பு என்று சொல்வதே தவறு. கழன்றது திரும்பி வரப்போவதில்லை. அது அறுபடும் பிணைப்பு, அவ்வளவுதான். மூன்றாம் மாதத்தில் அறும் செருப்பை 'மீளும் செருப்பு' என்று விற்பீர்களா? கட்டுரைத் தலைப்பில் 'மீளும்' என்று போட்டால் நிதி கிடைக்கிறது, அதுதான் காரணம்.

பழைய பிளாண்ட் ஆள் எழுதியது:

செருப்பு உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கும். அறுந்துபோவது, நீர்த்தவுடன் கழல்வது, இடம் மாறி வேறு ஒன்றோடு சேர்வது என்று மூன்று இருக்கின்றன. மூன்றாவதுதான் எங்கள் துறையைப் பல வருடம் ஏமாற்றியது. அந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன், நீளமாக இருக்கும், காபி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிபாடியின் மேல் மருந்தை ஒட்டி, புற்றுசெல்லுக்குள் போனதும் அது கழல வேண்டும் என்ற யோசனை பழையது. உள்ளே ஏன் கழலும்? ரத்தத்தின் பி.எச் 7.4. செல் எதையாவது விழுங்கினால் அது போகும் எண்டோசோம், லைசோசோமில் பி.எச் 5-ஐ ஒட்டி, அதற்குக் கீழேயும் இறங்கும். ஹைட்ரசோன் பிணைப்பு நடுநிலையில் நிற்கும், அமிலத்தில் நீர் பட்டு உடையும். காரணம் எளிது. நீர் தாக்குவதற்கு முன்னால் பிணைப்பின் நைட்ரஜன் ஒரு புரோட்டானை வாங்கிக்கொள்ள வேண்டும், அமிலத்தில் புரோட்டானுக்குப் பஞ்சமில்லை. காகிதத்தில் பிரமாதமான சாவி.

1993-இல் பிஆர்96 என்ற ஆன்டிபாடியில் டாக்சோருபிசின் என்ற புற்றுமருந்தை ஹைட்ரசோனால் ஒட்டி, எலிகளில் வளர்த்த மனிதக் கட்டிகளை முழுக்கக் கரைத்தார்கள். 'சயின்ஸ்' இதழில் வந்தது. மனிதரில் முயன்றபோது அந்த அதிசயம் நடக்கவில்லை. ஆன்டிபாடி தேடிய சர்க்கரைச் சங்கிலி நம் வயிறு, குடல் பக்கமும் இருந்தது, அது ஒரு தலைவலி. இன்னொன்று லிங்கர், அதாவது மருந்தை ஆன்டிபாடியோடு இணைக்கும் கண்ணி: ஆன்டிபாடி வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும், மருந்தோ சில நாளில் உதிர்ந்துவிடும். பி.எச் 7.4-இல் 'நிற்கும்' என்றால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். குடுவை, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. 'கழலுமா, கழலாதா' என்று கேட்கும்வரை ஒன்றும் பிடிபடாது. இங்கே எத்தனை மணி, அங்கே எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும்.

அடுத்து மைலோடார்க். 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஆன்டிபாடி-மருந்து இணைவி. ஒருவகைக் கடும் ரத்தப் புற்றுக்கு. கேலிச்சியாமிசின் என்ற கொடிய விஷம், டெக்சாஸில் எடுத்த சுண்ணாம்பு மண்ணின் நுண்ணுயிரிலிருந்து வந்தது. அதிலும் ஹைட்ரசோன்தான், கூடவே ஒரு டைசல்பைடு (இரண்டு கந்தக அணுக்களின் பிணைப்பு). அமிலத்தில் ஹைட்ரசோன் உடையும், பிறகு செல்லுக்குள் இருக்கும் குளூட்டதையோன் என்ற சிறு மூலக்கூறு டைசல்பைடைப் பிளக்கும், பிளந்ததும் விஷம் உருமாறி டிஎன்ஏவை வெட்டும். குளூட்டதையோன் ரத்தத்தில் மைக்ரோமோலார் அளவு, செல்லுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார், ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரட்டைப் பூட்டு. ஆனால் அந்த மருந்துப் புட்டியில் பாதி ஆன்டிபாடிகள் மருந்தே இல்லாமல் வெறுமனே இருந்தன. இன்று அப்படி ஒரு சரக்கைத் தரக்கட்டுப்பாட்டுக்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்புவான். 2010-இல் உறுதிப்படுத்தும் சோதனையில் பலன் தெரியவில்லை, ஆரம்ப இறப்புகள் அதிகம் என்று சந்தையிலிருந்து எடுத்தார்கள். 2017-இல் அதே மூலக்கூறு, அதே லிங்கர், அளவை மட்டும் குறைத்துப் பிரித்துக் கொடுத்து மீண்டும் அனுமதி வாங்கியது. முன்பு ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 9 மில்லிகிராம், இப்போது 3 வீதம் மூன்று நாட்களில். பழி முழுவதையும் லிங்கர் மேல் போட்டிருந்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

இப்போது தமாஷைக் கேளுங்கள். ஹைட்ரசோன் நம்பமுடியாது, நிரந்தரமான பிணைப்பு வேண்டும் என்று எல்லோரும் மாலிமைடுக்கு ஓடினோம். புரதத்தின் சிஸ்டீனில் உள்ள தயோலும் (கந்தகத் தொகுதி) மாலிமைடும் சேர்ந்தால் தயோஈத்தர். சில நிமிடத்தில் வினை முடியும், 'மீளாது' என்று எல்லா கையேட்டிலும் எழுதியிருக்கும். 2011-இல் வந்த பிரென்டக்சிமாப் வெடோட்டின் என்ற ஆன்டிபாடி-மருந்து இணைவி இப்படித்தான் ஒட்டப்பட்டது. அப்புறம் பிளாஸ்மாவில் அளந்து பார்த்தால், மருந்து மெல்ல மெல்ல ஆன்டிபாடியை விட்டு, ரத்தத்தில் ஏராளமாக இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்துக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது! ஆல்புமினில் 34-ஆம் இடத்தில் ஒரு தனிச் சிஸ்டீன் சும்மா இருக்கிறது. ரத்தத்தில் ஆல்புமின் சுமார் 600 மைக்ரோமோலார். ஒட்டவைத்த அதே வினை (மைக்கேல் சேர்க்கை) பின்னோக்கி நடந்து மாலிமைடு வெளியே வந்தால், பிடித்துக்கொள்ள ஆல்புமின் காத்திருக்கிறது. எதிர்க்கட்சி, இது அறுபட்டதா? இல்லை. மீண்டது, மீண்டு வேறு வீட்டில் குடியேறியது.

2012-இல் ஜெனென்டெக் என்ற மருந்து நிறுவனத்தின் குழு இதை அழகாகக் காட்டியது. ஒரே ஆன்டிபாடியில் சிஸ்டீனை வெவ்வேறு இடத்தில் வைத்தார்கள். சுற்றுப்புறம் நேர்மின்சுமையாக இருந்த இடத்தில், மாலிமைடு ஒட்டியபின் ஆகும் சக்சினிமைடு வளையம் தானே நீரால் திறந்துகொண்டது. வளையம் திறந்தபின் பின்னோக்கிப் போக வழியில்லை, மருந்து நின்றது. திறக்காத இடத்தில் மருந்து ஓடிப்போனது. இரண்டு வருடத்தில் சியாட்டில் ஜெனெடிக்ஸ்காரர்கள் மாலிமைடின் பக்கத்திலேயே ஒரு அமீனை வைத்து, ஒட்டியவுடன் வளையம் தானாகத் திறக்கும்படி செய்துவிட்டார்கள்.

ஆக, மீளும் என்று நம்பி வைத்ததிலும் பாடம் படித்தோம், மீளாது என்று நம்பி வைத்ததிலும் படித்தோம். கையேட்டைக் கோபத்தில் தூக்கிப் போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது.

எதிர்க்கட்சி எழுதியது:

மாலிமைடு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், அது மீண்டதுதான். ஹைட்ரசோனுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அறுபடும் லிங்கர்.

கல்லாப்பெட்டி எழுதியது:

மருந்துக்கடைக்காரன் நடுவில் நுழைகிறேன். உங்கள் ஆன்டிபாடி எல்லாம் என் கடைக்கு வராது. ஆனால் மீளும் சகப்பிணைப்பு தினமும் என் கல்லாவைத் தாண்டிப் போகிறது. வில்டாகிளிப்டின், சர்க்கரை மாத்திரை! 2019 கடைசியில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு பிராண்ட் போட்டார்கள், அலமாரியில் ஒரு தட்டே அதற்குத்தான். அதன் நைட்ரைல் தொகுதி (கார்பன்-நைட்ரஜன் மும்மைப் பிணைப்பு) டிபிபி-4 என்ற நொதியின் செரின் அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்பு போட்டு, பிறகு மெதுவாக விடும். அதே வேலையைச் செய்யும் சிட்டாகிளிப்டின் சகப்பிணைப்பு போடுவதே இல்லை, சும்மா பள்ளத்தில் உட்காரும். வில்டாகிளிப்டின் ரத்தத்திலிருந்து இரண்டு மூன்று மணியில் பாதியாகிவிடும், ஆனாலும் வேலை அதற்கு மேல் நீடிக்கிறது. பிடித்த பிடி மெல்லத்தான் தளரும் என்பதால்.

கொரோனாவுக்கு வந்த நிர்மாட்ரெல்விரும் நைட்ரைல்தான், வைரஸ் நொதியின் 145-ஆம் சிஸ்டீனைப் பிடிக்கும். மைலோமா என்ற எலும்புமஜ்ஜைப் புற்றுக்கான போர்டெசோமிப் 2003-இலேயே வந்தது, அது போரான். ஆக உடம்புக்குள் மீளும் பிணைப்பு வேலை செய்யாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பழைய பிளாண்ட் ஆள் எழுதியது:

நல்ல இடத்தில் வந்தீர்கள் அண்ணே. இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. நொதியின் பள்ளம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சகப்பிணைப்பு தனியாகத் தாங்கவில்லை, நாலு ஹைட்ரஜன் பிணைப்பும் பள்ளத்தின் சுவரும் கூட நிற்கின்றன. பிணைப்பு ஒரு கணம் அவிழ்ந்தாலும் மருந்து அங்கேயே இருந்து மறுபடி சேரும். குடுவையின் சாயத்துக்கு அப்படி ஒரு வீடு இல்லை, திறந்தவெளியில் தொங்குகிறது.

வாத்தியார்65 எழுதியது:

கண்ணும் இப்படித்தானே! ஒளியை வாங்கும் ரெட்டினால், ஆப்சின் என்ற விழித்திரைப் புரதத்தின் லைசினோடு ஷிஃப் காரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் நீர் இருந்தும் இருட்டில் அது கழல்வதில்லை, புரதம் பொத்தி வைத்திருக்கிறது. வெளிச்சம் பட்டு ரெட்டினால் நிமிர்ந்த பிறகுதான் நீர் நுழைந்து இமீன் உடைகிறது. ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் இந்தத் துறையில் நோபல்.

பிளாக்கும் ஸ்லைடும் எழுதியது:

நான் நோய்க்குறியியல் லேபில் இருக்கிறேன். நீங்கள் நானோமோலார் பேசுகிறீர்கள், நாங்கள் இதே வேலையைக் குக்கரில் செய்கிறோம். உண்மையாகவே குக்கர்தான்.

ஆபரேஷனில் எடுத்த சதைத்துண்டு எங்களிடம் ஃபார்மலினில் வரும். ஃபார்மால்டிஹைடு முதலில் புரதத்தின் அமீனோடு சேர்ந்து, பிறகு பக்கத்துப் புரதத்தோடு பாலம் போட்டுவிடும். அதனால்தான் சதை அழுகாமல் கெட்டியாகிறது. பிரச்சினை என்னவென்றால், பிறகு ஆன்டிபாடி போட்டுச் சாயமேற்றினால் ஒட்டாது, அது தேடும் இடத்தைப் பாலங்கள் மூடியிருக்கும். 1991-இல் ஒரு குழு ஸ்லைடைச் சூடாக்கினால் அந்த இடம் திரும்பக் கிடைக்கிறது என்று காட்டியது. அப்போதிருந்து இதுதான் வழக்கம். சிட்ரேட் பஃபர், பி.எச் 6, ஸ்லைடுகளை ஸ்டாண்டில் நிறுத்திக் குக்கரில் வைப்போம். அழுத்தம் ஏறியதும் சில நிமிடம். அதற்குமேல் விட்டால் திசு ஸ்லைடை விட்டு உரிந்து மிதக்கும். முதல் மாதம் நான் அப்படி மிதக்கவிட்டவை எத்தனையோ. பாலம் முழுவதும் அவிழ்வதில்லை, போதுமான அளவு அவிழ்கிறது. மார்பகப் புற்று நோயாளிக்கு ஹெர்2 என்ற புரதம் மிகையாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் முன்னால் இந்தச் சூடாக்கும் படி உண்டு.

எனவே எதிர்க்கட்சி தம்பி, 'மீளும்' என்ற சொல்லுக்கு என் ஓட்டு உண்டு. நான் தினமும் மீட்கிறேன்.

எதிர்க்கட்சி எழுதியது:

அக்கா சொன்னால் சரி. குக்கருக்கு முன்னால் வாதம் எடுபடாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பத்து வருடமாக 'சர்க்கரை ஏறினால் தானே வேலை செய்யும் இன்சுலின்' வரப்போகிறது என்கிறார்களே, போரோனிக் அமிலம் வைத்து? எங்கே?

பழைய பிளாண்ட் ஆள் எழுதியது:

அது நியாயமான அடி. 2015-இல் எம்ஐடி குழு இன்சுலினோடு ஃபீனைல்போரோனிக் அமிலத்தை ஒட்டி, சர்க்கரை எலிகளில் குளுக்கோஸுக்குத் தக்கபடி நடப்பதைக் காட்டியது. போரான், குளுக்கோஸின் ஹைட்ராக்சில்களைப் பிடித்து எஸ்டராகும், விடும். பிடிப்பதும் விடுவதும் வேகம், அது பெரிய வரம். சாபம் என்னவென்றால், சாதாரண ஃபீனைல்போரோனிக் அமிலத்துக்குக் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் மேல் பல மடங்கு ஆசை. ரத்தத்தில் ஃபிரக்டோஸ் குறைவு என்பதால் தப்பித்தோம். ஆனால் செல்களின் மேலெல்லாம் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன, லாக்டேட் இருக்கிறது. அதோடு ரத்தச் சர்க்கரை சாதாரணமாக 5 மில்லிமோலார், 15 ஆனால் அபாயம். மூன்று மடங்கு மாற்றத்துக்கு இன்சுலின் பெரிதாக எதிர்வினை காட்ட வேண்டும். அமில லிங்கருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 7.4-லிருந்து 5-க்கு இறங்கினால் புரோட்டான் செறிவு இருநூறு மடங்குக்குமேல் மாறுகிறது. குளூட்டதையோனுக்கு ஆயிரம் மடங்கு. சர்க்கரைக்கு வெறும் மூன்று. இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், எந்தத் திட்டம் முதலில் கடைக்கு வரும் என்று அன்றே தெரிந்திருக்கும்.

போரான் ஜெயித்த இடம் வேறு. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எவர்சென்ஸ் என்ற தோலடி சர்க்கரைமானி. ஜெல்லுக்குள் இரண்டு போரோனிக் அமிலக் கைகள் உள்ள ஒளிரும் மூலக்கூறு, குளுக்கோஸ் வந்து உட்கார்ந்தால் ஒளி கூடும், போனால் குறையும். அங்கே மருந்து எதுவும் கழல வேண்டியதில்லை, பார்த்துச் சொன்னால் போதும். எதிர்க்கட்சி, உங்கள் அகராதிப்படியே இது சுத்தமான மீளும் பிணைப்பு.

2024-இல் நோவோ நோர்டிஸ்க் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட குளுக்கோஸ் உணரும் இன்சுலினில் சகப்பிணைப்புச் சாவியே இல்லை. குளுக்கோஸைப் பிடிக்கும் ஒரு வளைய மூலக்கூறு, இன்சுலினிலேயே கட்டிய ஒரு சர்க்கரையை உட்காரவைத்து மூடியிருக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ள, இன்சுலின் திறக்கிறது.

கல்லாப்பெட்டி எழுதியது:

இமீனையே மாத்திரையாக்கியவர்களும் உண்டு. வோக்செலோட்டர், அரிவாள்செல் சோகைக்கு, 2019-இல் அமெரிக்க அனுமதி. வாத்தியார் சொன்ன வேலைன்தான், ஆனால் ஆல்ஃபா சங்கிலியில். ஆல்டிஹைடுக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ராக்சில் வைத்து, ஹைட்ரஜன் பிணைப்பால் இமீனைத் தாங்கிப் பிடித்தார்கள். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் ஏராளம் என்பதால் தினம் 1500 மில்லிகிராம் விழுங்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஃபைசர் உலகச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டது. வலி நெருக்கடிகளும் இறப்புகளும் அதிகமாகத் தெரிந்தன என்பது காரணம்.

வாத்தியார்65 எழுதியது:

பிணைப்பு நினைத்தபடி நடந்தும் நோயாளிக்கு நல்லது நடக்கவில்லை. அதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பழைய பிளாண்ட் ஆள் எழுதியது:

குடுவைக்குச் செய்முறை. இமீனை விடுங்கள். ஆல்டிஹைடோடு சேர்ந்து ஹைட்ரசோன் தரும் ஹைட்ரசைடு உள்ள சாயம் வாங்குங்கள். நடுநிலையில் சாதாரண அமீன் புரோட்டான் ஏறிச் செத்துக் கிடக்கும், ஹைட்ரசைடு ஏறாமல் விழித்திருக்கும். ஆக்சைம் என்ற இன்னொரு உறவுக்காரப் பிணைப்பு வேண்டாம். 2008-இல் ரெயின்ஸ் குழு ஒப்பிட்டபோது ஆக்சைம் ஹைட்ரசோனைவிடப் பல நூறு மடங்கு மெதுவாகத்தான் நீராற்பகுப்பு ஆனது. உங்களுக்குக் கழல வேண்டுமே. பி.எச் 6 பக்கம் பாஸ்பேட், 10 மில்லிமோலார் அனிலின்.

அனிலினைப் பற்றிக் கவனம். ஜென்க்ஸ் என்ற வேதியியலாளர் 1962-இலேயே காட்டியது அது. அனிலின் வினையூக்கி, சமநிலையை மாற்றாது. சேர்வதையும் வேகமாக்கும், பிரிவதையும் வேகமாக்கும். வினை முடிந்ததும் பத்தியில் அனிலினை நீக்கி, பி.எச்-ஐ 7.4-க்கு ஏற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து பிரிவதன் வேகத்தை இறக்கும். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது மாதிரி. அனிலினைக் கையுறை போட்டே எடுங்கள், தோல் வழியாக உள்ளே போகும்.

முக்கியமாக, கட்டுப்பாட்டுக் குழாய் ஒன்று வையுங்கள்: ஆல்டிஹைடு ஏற்றாத புரதம், அதே சாயம். அதிலும் நிறம் வந்தால் சாயம் சும்மா புரதத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிறைய 'அமிலத்தில் கழலும் இணைவி' இந்தக் குழாய் வைக்காததால் பிறந்தவை.

குடுவை எழுதியது:

சார், அக்கா, எல்லோருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து வருகிறேன், சாயம் வரத் தாமதம்.

பாஸ்பேட், அனிலின், அறை வெப்பத்தில் ஆறு மணி நேரம். பத்தியில் ஊற்றினேன். ஆரஞ்சு இரண்டாகப் பிரிந்தது! ஒரு பட்டை வேகமாகக் கீழே இறங்கியது, இன்னொன்று மேலேயே தங்கியது. இறங்கிய பட்டையைப் பிடித்த குழாயில் 280-இலும் ஒளி உறிஞ்சல், சாயத்தின் அலைநீளத்திலும் உறிஞ்சல். கட்டுப்பாட்டுக் குழாயில் லேசான மஞ்சள் வந்தது, முழுக்க வெறுமை இல்லை. சார் சொன்னபடி கொஞ்சம் அப்பிக்கொண்டிருக்கிறது. அதைக் கழித்துத்தான் கணக்கெழுத வேண்டும்.

பிறகு பாதியை பி.எச் 7.4-இலும் பாதியை 5-இலும் 37 டிகிரியில் வைத்தேன். மறுநாள் காலை இரண்டையும் தனித்தனிப் பத்தியில் இறக்கினேன். 5-இல் வைத்தது ஏறக்குறைய வெளுத்து வந்தது, நிறம் எல்லாம் மேலே. 7.4 நல்ல ஆரஞ்சாகத்தான் வந்தது. ஆனால் அதிலும் மேலே மெல்லிய ஒரு பட்டை, முந்தின நாள் சுத்தம் செய்தபோது இல்லாதது. கைடிடம் காட்டினேன், "அது கொஞ்சம்தானே" என்றார். ஒரே இரவுக்கு இவ்வளவு என்றால் ஆன்டிபாடி சுற்றும் மூன்று வாரத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து இரண்டு மணிக்கொரு முறை மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கிறார், இரவு ஷிஃப்ட் எனக்கு.

எதிர்க்கட்சி எழுதியது:

அந்த மெல்லிய பட்டைக்கு என்ன பெயர் வைப்பீர்கள், மீண்டதா, அறுபட்டதா?

பிளாக்கும் ஸ்லைடும் எழுதியது:

தம்பி, அந்தப் பெண்ணைத் தூங்கவிடு. குடுவை, இரவு லேபில் தனியாக இருக்காதே, அனிலின் புட்டியை ஃப்யூம் ஹூடிலேயே வை.